நேர்கோட்டைக் கண்ட நீதிபதி

தரம் 10 வகுப்பில் வரைபுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வை சமன் இரண்டு எக்ஸ் சக ஒன்று. எக்ஸிற்குப் பூச்சியம், ஒன்று, இரண்டு எனப் பெறுமானங்கள் கொடுத்து அட்டவணை போட்டாயிற்று. வரைபுத்தாளில் மூன்று புள்ளிகளையும் குறித்தாயிற்று. இனி அடிமட்டத்தை வைத்துத் தொடுக்க வேண்டியதுதான். பிள்ளைகள் எல்லோரும் கோட்டைக் கீறி முடித்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் அடிமட்டத்தைக் கையில் பிடித்தபடி கீறாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டேன். குறித்தது மூன்று புள்ளிகள்தானே டீச்சர், அவற்றுக்கு நடுவில் கோடு வளைந்து போகாது என்று எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். எக்ஸின் வலு ஒன்று என்றால் அது நேர்கோடுதான், புத்தகத்தில் இருக்கிறது, கீறு என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். அவள் கீறினாள். அந்தத் தவணை முடியும் வரை அவள் என்னிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

கணிதத்தில் அவள் 30 புள்ளிகளைத் தாண்டுவது அரிது. பெற்றோர் சந்திப்பில் அவளுடைய உம்மாவிடம், பிள்ளை கொஞ்சம் மெதுவானவள், வீட்டில் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தேன். அன்றிரவு விடைத்தாள் திருத்தும்போது அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. எனக்கு விடை தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 19 வருடங்களாக அந்தக் கோட்டை நான் கீறி வருகிறேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கீறக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். அது ஏன் நேராக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாங்கள் தெக்காட்டின் தளம் என்று படிக்கிறோம். ஆகவே விடை தெக்காட்டிடம் இருக்கும் என்று எண்ணித்தான் தேடத் தொடங்கினேன். பிரான்சு நாட்டு மெய்யியலாளர் ரெனே தெக்காட்டு 1637இல் வெளியிட்ட கேத்திரகணித நூல்தான் அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் ஒன்றாகக் கட்டியது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் அந்த நூலில் அவருடைய கண் கடினமான வளைகோடுகளின் மேலேயே இருக்கிறது. நேர்கோட்டை அவர் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார். நேர்கோட்டைத் தனியே எடுத்து வைத்து, அதன் சமன்பாடு இப்படித்தான் இருக்கும், இந்தச் சமன்பாடு இருந்தால் கோடு நேராகத்தான் இருக்கும் என்று நிறுவியவர் வேறொருவர். அவர் கணித ஆசிரியர் அல்லர். நீதிமன்றத்தில் வழக்குக் கேட்டுச் சம்பளம் வாங்கியவர். பெயர் பியர் டி பேர்மா.

பேர்மாவின் பெயரை உயர்தரப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் அவர் கிறுக்கி வைத்த ஒரு கூற்று 350 ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக் கணிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் புகழில் அவருடைய நேர்கோடு மறைந்துபோயிற்று. எனக்கு வேண்டியிருந்தது அந்த நேர்கோடுதான்.

தென்பிரான்சில் துலூஸ் நகருக்கு அப்பால் போமோன் என்ற சிற்றூர் இருக்கிறது. பேர்மா பிறந்தது அங்கே. தகப்பனார் டொமினிக் வசதியான தோல் வியாபாரி; ஊர் நிருவாகத்திலும் பதவி வகித்தவர். தாயார் சட்டத்துறைக் குடும்பத்தவர். பிறந்த ஆண்டு 1601 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1601இல் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பது சிறுவயதில் இறந்துபோன, அதே பெயருடைய ஒரு சகோதரன் என்றும், நம்முடைய பேர்மா பிறந்தது 1607இல் என்றும் பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தன் பெயரை முன்னுக்குக் கொண்டுவரத் தெரியாத மனிதருக்குப் பிறந்த வருடத்தில்கூட இன்னொருவருடன் குழப்பம் நேர்ந்திருக்கிறது.

ஓர்லியன்ஸ் நகரில் சட்டம் படித்தார். 1631இல் துலூஸ் உயர்நீதிமன்றத்தில் ஆலோசகர் பதவியை விலை கொடுத்து வாங்கினார். அக்காலப் பிரான்சில் அது முறைகேடு அல்ல. நீதிபதிப் பதவிகள் அப்படித்தான் கைமாறின. அதே ஆண்டில் தாய்வழி உறவான லூயிஸ் டி லோங் என்பவரை மணந்தார். பதவியோடு பெயருக்கு நடுவில் ‘டி’ என்ற மரியாதையும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு சாகும் வரை அவருடைய தொழில் வழக்கும் தீர்ப்பும்தான்.

என் வாப்பா நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். மாலையில் வரும்போது கைப்பையில் கோவைகள் இருக்கும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் சதுரங்கப் புதிர்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பேர்மாவை நினைக்கும்போது எனக்கு அந்த மேசைதான் தெரிகிறது. மின்விளக்கு இல்லை, மெழுகுதிரி. கோவைகள் இலத்தீனிலும் பிரெஞ்சிலும். மற்றபடி அதே மேசை.

அந்த மேசைக்கு இரண்டு பழைய மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதலாமவர் பிரான்சுவா வியெட். பேர்மா பிறந்த காலத்தையொட்டி 1603இல் இறந்தவர். அவரும் சட்டத்தரணிதான். தெரியாக் கணியங்களை உயிரெழுத்துகளாலும் தெரிந்த கணியங்களை மெய்யெழுத்துகளாலும் குறிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர். அதற்கு முன்பு ஒவ்வொரு கணக்கும் தனித்தனிக் கணக்கு. எழுத்து வந்த பிறகு ஒரே சமன்பாடு ஆயிரம் கணக்குகளுக்கு நின்றது. 1620களின் பிற்பகுதியில் போர்தோ நகரில் இருந்தபோது, வியெட்டின் நூல்களை விரும்பிப் படித்த நண்பர் கூட்டம் ஒன்றில் பேர்மாவும் சேர்ந்திருந்தார்.

இரண்டாமவர் கிரேக்கக் கணிதர் அப்பலோனியசு. கிறிஸ்துவுக்கு முன் 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்தவர். தள ஒழுக்குகள் என்று அவர் எழுதிய நூல் அழிந்துபோய்விட்டது. அதில் என்னென்ன இருந்தன என்ற சுருக்கத்தை மட்டும், 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பப்புசு எழுதி வைத்திருந்தார். அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு, தொலைந்த நூலை மீண்டும் கட்டியெழுப்பும் வேலையை பேர்மா எடுத்துக்கொண்டார். ஒழுக்கு என்றால் என்னவென்று தரம் 10 பிள்ளைகளுக்குத் தெரியும்: ஒரு நிபந்தனைக்கு அடங்கி நகரும் புள்ளி போகும் பாதை. எந்த நிபந்தனைக்கு அடங்கினால் பாதை நேர்கோடாகும், எதற்கு அடங்கினால் வட்டமாகும் என்பதுதான் அந்தத் தொலைந்த நூலின் பொருள். 1629ஆம் ஆண்டளவில் இந்த வேலையின் ஒரு பிரதி போர்தோவில் இருந்த ஒரு கணிதரின் கையில் இருந்தது.

சிறிது விலகிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதே அப்பலோனியசு கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதிய எட்டுப் பாகங்களில் முதல் நான்குதான் கிரேக்கத்தில் மிஞ்சின. ஐந்து, ஆறு, ஏழு ஆகிய பாகங்கள் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூசா சகோதரர்களின் முயற்சியால் தாபித் இப்னு குர்ரா செய்த அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே பிழைத்தன. எட்டாவது போயே போய்விட்டது. அல்ஜிப்ரா என்ற சொல்லும் அதே பக்தாதில், 820ஆம் ஆண்டளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள அல்-ஜபர் என்பதிலிருந்து வந்தது. பின்னர் உமர் கையாம் மூன்றாம் படிச் சமன்பாடுகளை வளைகோடுகளை ஒன்றையொன்று வெட்டச் செய்து தீர்த்தார். ஆனால் அவருக்கு வளைகோடு ஒரு கருவி. விடை கிடைத்ததும் அதன் வேலை முடிந்தது. பேர்மா கண்டது வேறு. அவருக்குச் சமன்பாடே கோடுதான்.

எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று பார்ப்போம். தெரியாக் கணியம் ஒன்று இருந்தால் சமன்பாட்டுக்கு விடை உண்டு. இரண்டு எக்ஸ் சமன் ஆறு என்றால் எக்ஸ் மூன்று. தெரியாக் கணியங்கள் இரண்டு இருந்து சமன்பாடு ஒன்றே இருந்தால் விடை ஒன்றாக நிற்காது. ஒன்று மாற மாற மற்றதும் மாறிக்கொண்டே போகும். பலர் அதை முடிவில்லாத கணக்கு என்று விட்டுவிடுவார்கள். பேர்மா அந்த முடிவில்லாமையையே பிடித்துக்கொண்டார். இரண்டு தெரியாக் கணியங்கள் ஒரு சமன்பாட்டில் மிஞ்சி நின்றால், அவற்றுள் ஒன்றின் நுனிப்புள்ளி ஒரு கோட்டை வரைகிறது. அது நேராகவும் இருக்கலாம், வளைவாகவும் இருக்கலாம். இதுதான் அவருடைய அடிப்படைக் கொள்கை. அதை விளக்கி இலத்தீனில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தள ஒழுக்குகளுக்கும் திண்ம ஒழுக்குகளுக்கும் ஓர் அறிமுகம் என்பது அதன் தலைப்பு. நேர்கோடு, வட்டம், பரவளைவு, நீள்வளையம், அதிபரவளைவு என எல்லாம் அந்தச் சில பக்கங்களுக்குள் அடங்கின. முதலில் வைத்தது நேர்கோட்டை.

இனி என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டால் நல்லது.

தாளின் குறுக்கே ஒரு கிடைக்கோட்டைக் கீறுங்கள். இடப்பக்கம் அதில் ஒரு தொடக்கப்புள்ளி. பேர்மாவின் படத்தில் அச்சு அந்த ஒன்று மட்டுமே. நிலைக்குத்து அச்சு என்று தனியாக எதுவும் இல்லை. தொடக்கப்புள்ளியிலிருந்து கிடைக்கோட்டின் வழியே சிறிது தூரம் போங்கள். அந்தத் தூரம் அவருக்கு ஏ, நமக்கு எக்ஸ். போய் நின்ற இடத்தில் நேர்மேலே ஒரு குச்சியை நட்டுவையுங்கள். குச்சியின் உயரம் அவருக்கு ஈ, நமக்கு வை. இப்போது நிபந்தனை: குச்சியின் உயரம் எப்போதும் போன தூரத்தின் இரு மடங்கு. 1 போனால் 2 உயரம், 3 போனால் 6 உயரம், ஒன்றரை போனால் 3. குச்சிகளின் நுனிகள் எங்கே இருக்கும்?

தொடக்கப்புள்ளி, குச்சியின் அடி, குச்சியின் நுனி மூன்றையும் சேர்த்தால் ஒரு செங்கோண முக்கோணி வருகிறது. சிறிய குச்சிக்குச் சிறிய முக்கோணி, பெரிய குச்சிக்குப் பெரிய முக்கோணி. ஆனால் எல்லா முக்கோணிகளிலும் அடியில் செங்கோணம் இருக்கிறது. செங்கோணத்தை அடக்கும் இரு பக்கங்களின் விகிதமும் ஒன்றே. ஆகவே அவை எல்லாம் சமகோண முக்கோணிகள். அப்படியானால் தொடக்கப்புள்ளியில் உள்ள கோணம் எல்லாவற்றிலும் சமன். ஒரே புள்ளியிலிருந்து, ஒரே கோட்டோடு, ஒரே பக்கமாக, ஒரே கோணத்தில் இரண்டு வேறு கோடுகள் புறப்பட முடியாது. எனவே எல்லா நுனிகளும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. இடையில் எங்கே வேண்டுமானாலும் குச்சியை நடலாம். அரையில் நடலாம், காலில் நடலாம், ஆயிரத்தில் ஒரு பங்கில் நடலாம். அதன் நுனியும் அங்கேதான் வரும். வளைய இடமே இல்லை.

இவ்வளவுதான். சமகோண முக்கோணிகளை நாங்கள் தனிப் பாடமாகப் படிப்பிக்கிறோம். நேர்கோட்டு வரைபையும் தனிப் பாடமாகப் படிப்பிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்ததை நான் 19 வருடம் பார்க்கவில்லை.

படித்திறன் என்று நாம் சொல்லும் எம் என்பது அந்த மாறாத விகிதம்தான். இரண்டு புள்ளிகள் தந்து கோட்டின் சமன்பாட்டைக் காணச் சொல்லும் கணக்கிலும் அதே முக்கோணிதான் ஒளிந்திருக்கிறது. (1, 3), (4, 9) என்று தந்தால், கிடையாக 3 போகையில் மேலே 6 ஏறுகிறது, விகிதம் 2. (1, 3) என்ற புள்ளியைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால், எந்தப் புள்ளிக்கும் ஏற்றமானது போன தூரத்தின் இரு மடங்கு. வை − 3 = 2(எக்ஸ் − 1). சுருக்கினால் வை = 2எக்ஸ் + 1. சூத்திரத்தை மறந்த பிள்ளைக்கும் இது வரும்.

தொடக்கப்புள்ளி வழியே போகாத கோட்டுக்கு பேர்மா செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. 2எக்ஸ் + 3வை = 12 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் என்னுடையவை, அவர் எழுத்துகளிலேயே செய்தார். 12 என்பதை 2 × 6 என்று எழுதுங்கள். அப்போது 3வை = 2(6 − எக்ஸ்). இனித் தூரத்தைப் பழைய இடத்திலிருந்து அளக்க வேண்டாம். கிடைக்கோட்டில் 6 என்ற இடத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அளவுங்கள். 3 பின்னால் வந்தால் 2 மேலே. 6 பின்னால் வந்தால் 4 மேலே. விகிதம் மாறவில்லை. ஆகவே முன்பு சொன்ன அதே முக்கோணிகள், அதே நேர்கோடு. கணக்கு மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியது. ஒரு வழக்கை ஏற்கெனவே தீர்த்த வழக்கோடு கொண்டுபோய்ச் சேர்க்கிற நீதிபதியின் பழக்கம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரையை பேர்மா அச்சிடவில்லை. துலூசில் அவருடன் பணியாற்றிய கார்காவி என்ற நண்பர் 1636இல் பாரிஸ் சென்றார். அவர் மூலம் மெர்சேன் என்ற துறவியின் அறிமுகம் கிடைத்தது. மெர்சேனின் அறை அக்கால அறிவியலின் தபால் நிலையம். ஐரோப்பாவின் கணிதர்கள் பலருக்கும் அவர் கடிதம் எழுதுவார், வந்த கடிதங்களைப் பிரதியெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார். அந்த வழியில்தான் பேர்மாவின் தாள்களும் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. தெக்காட்டின் நூல் அவர் கைக்கு வருமுன்பே அவருடைய கட்டுரை எழுதப்பட்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. இருவரும் தனித்தனியே ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தெக்காட்டு வளைகோட்டிலிருந்து சமன்பாட்டுக்குப் போனார். பேர்மா சமன்பாட்டிலிருந்து கோட்டுக்கு வந்தார்.

பிறகு சண்டை வந்தது. ஒளியைப் பற்றிய தெக்காட்டின் நூலை பேர்மா குறை சொல்லிக் கடிதம் எழுதினார். பேர்மா கண்ட தொடலிகளையும் உயர்வு இழிவுப் பெறுமானங்களையும் காணும் முறையைத் தெக்காட்டு கடுமையாகத் தாக்கினார். பாரிஸ் கணிதர்கள் இரு கட்சியானார்கள். பேர்மாவால் முடியாது என்று நினைத்து ஒரு சிக்கலான வளைகோட்டைக் கொடுத்து அதற்குத் தொடலி காணச் சொன்னார் தெக்காட்டு, பேர்மா கண்டுகொடுத்தார். 1638இல் தெக்காட்டு இறங்கிவந்தார். மரியாதையான கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஆனால் அச்சில் இருந்தது தெக்காட்டின் நூல். 1649இல் அது இலத்தீனிலும் வந்து ஐரோப்பா எங்கும் போயிற்று. நாம் இன்று எக்ஸ், வை என்று எழுதுவதும் அந்த நூலின் வழக்கம்தான். பேர்மாவின் ஏயும் ஈயும் சிலருடைய பெட்டிகளில் கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்தன.

ஏன் அச்சிடவில்லை? நீதிமன்ற வேலை ஒரு காரணம். அச்சிட வேண்டுமானால் ஒவ்வொரு நிறுவலையும் முழுதாக எழுதி ஒழுங்குசெய்ய வேண்டும். அந்தப் பொறுமை அவருக்கு இல்லை. விடையைக் கண்டதும் மகிழ்ச்சி முடிந்துவிடும். கண்டதை ஒரு சவாலாக மற்றவர்களுக்கு அனுப்பிவைப்பார். 1650களில் நண்பர்கள் தன் எழுத்துகளைச் சரிபார்த்து வெளியிட்டால் சம்மதம் என்றார். ஆனால் தன் பெயர் போடப்படக்கூடாது என்றார். அது நடக்கவில்லை. இதை அடக்கம் என்று புகழ்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் புகழ மனம் வரவில்லை. செய்கை வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் புள்ளி வெட்டுகிறவள். ஓரக்குறிப்பில் எழுதிய கூற்றின் நிறுவலுக்கு இடம் போதவில்லை என்று அவர் விட்டுவிட்டதால், 1990களில் அன்ட்ரூ வைல்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் வரும் வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுமட்டுமல்ல, நிறுவாமல் நம்பியதில் அவர் பிழைவிட்டதும் உண்டு. 4,294,967,297 முதன்மை எண் என்று நம்பினார். 1732இல் ஒயிலர் அதை 641ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1653இல் துலூசில் கொள்ளைநோய் பரவியபோது பேர்மாவும் படுத்துவிட்டார். அவர் இறந்துவிட்டார் என்று நண்பர் ஒருவர் கடிதமே எழுதிவிட்டார். பின்பு இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று திருத்தி எழுதினார். அடுத்த ஆண்டு பிளேய்ஸ் பஸ்கால் என்ற இளைஞரோடு கடிதத்தில் பேசிப் பேசி நிகழ்தகவுக்கு அத்திவாரம் இட்டார். இருவரும் நேரில் கண்டதில்லை. 1660இல் இருவரின் ஊர்களுக்கும் நடுவழியில் சந்திப்போமா என்று பேர்மா கேட்டு எழுதினார்; அவருடைய உடல்நிலையும் நன்றாக இல்லை. பஸ்காலோ ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலையில் இருந்தார். சந்திப்பு நடக்கவில்லை. 1662இல், ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையிலேயே செல்கிறது என்ற எண்ணத்திலிருந்து ஒளிமுறிவு விதியைப் பெற்றார். வந்த விடை, தான் முன்பு குறை சொன்ன தெக்காட்டின் விதியேதான். தெக்காட்டு அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். விதி சரியென்று பேர்மா ஒப்புக்கொண்டார்.

1665 ஜனவரி 12ஆம் திகதி காஸ்த்ர் என்ற ஊரில் பேர்மா இறந்தார். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம் அங்கே இருந்தது. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

மூத்த மகன் சாமுவேல் தகப்பனாரின் தாள்களைத் தேடத் தொடங்கினார். பாதி கடிதங்களில் இருந்தது. கடிதங்கள் மற்றவர்களிடம் இருந்தன. புத்தக ஓரங்களில் எழுதியிருந்தவற்றைப் பார்த்தெழுதி 1670இல் ஒரு நூலாக்கினார். 1679இல் பல்வேறு கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். நேர்கோட்டுக் கட்டுரை முதன்முதலில் அச்சேறியது அதில்தான். தெக்காட்டின் நூல் வந்து 42 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் தளத்துக்குப் பெயர் விழுந்துவிட்டது. நம்முடைய பிள்ளைகள் இன்றும் தெக்காட்டின் தளம் என்றே எழுதுகிறார்கள். நானும் அப்படியே கற்பிக்கிறேன், பரீட்சைக்கு அதுதான் வேண்டும். ஆனால் தன் வாப்பாவின் கிறுக்கல்களை ஒரு மகன் பொறுக்கிச் சேர்க்காமல் விட்டிருந்தால் எனக்கு இந்த விடை கிடைத்திருக்காது. என் வாப்பாவின் நாட்காட்டித் தாள்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய தவணை தொடங்கி இரண்டாம் கிழமை, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் எடுத்தேன். கரும்பலகையில் ஒரே ஒரு கிடைக்கோட்டை மட்டும் கீறினேன். பின்வரிசைப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டேன். சென்ற தவணை நீ கேட்ட கேள்விக்கு எனக்கு அன்று விடை தெரியாது, தெரிந்ததுபோலப் பேசிவிட்டேன் என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணக்கட்டியைக் கொடுத்து, தூரத்தின் இரு மடங்கு உயரத்தில் குச்சிகளை நடச் சொன்னேன். ஐந்தாவது குச்சியில் நின்றுவிட்டாள். எல்லாம் ஒரே முக்கோணியின் சிறிதும் பெரிதும்தானே என்றாள். மிச்சத்தை நான் சொல்லத் தேவைப்படவில்லை. சமகோண முக்கோணி என்ற சொல்லை மட்டும் முன்வரிசையில் ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள்.

இடத்துக்குப் போகுமுன் அவள் இன்னொன்று கேட்டாள். தொடக்கப்புள்ளிக்கு இடப்பக்கமும் கிடைக்கோடு இருக்கிறதே, அந்தப் பக்கம் போனால் குச்சியை எந்தப் பக்கமாக நடுவது? பேர்மாவின் படத்தில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. மறை எண்களை அவர் அளக்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. நாளை முதலாம் பாடவேளை அந்த வகுப்புக்குத் தமிழ். தமிழ் டீச்சரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.